மாமாவின் வடையைத் திருடிய வில்லன்

ஒருவர் இன்னொருவரை ஓயாமல் திட்டினால் அது பாசம்தான் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். என் அப்பா தன் மைத்துனரை ஆயுள் முழுவதும் திட்டினார். ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் சாப்பிட வராவிட்டால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. இந்த அறிவை மட்டும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பெண் கேட்கப் போனேன்.

அப்போது லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்பது என் வேலை. நான் விரும்பிய தாரணியின் வீடு வெம்பிளியில். அவளுடைய அப்பா, நான் அப்போதே மாமா என்று கூப்பிட்டவர், ஓய்வுபெற்ற எஞ்சினியர். மகளுக்கும் எஞ்சினியர்தான் வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். (தேத்தண்ணி தந்துவிட்டுத்தான் சொன்னார்.) "எதுக்கும் யோசிச்சுச் சொல்லுறன் தம்பி. வாற சனிக்கிழமை சாப்பிட வாரும்" என்று அனுப்பிவைத்தார்.

பெண் கேட்கப் போன அந்த முதல் நாள் அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் பழைய கறுப்பு வெள்ளை மல்யுத்தம் ஓடிக்கொண்டிருந்தது. மாணவராக லண்டனுக்கு வந்த காலத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் பார்த்ததை இணையத்தில் தேடிப் பிடித்திருந்தார். திரையில் டெவில் பெர்சி என்றொரு வில்லன். நடுவர் அந்தப் பக்கம் திரும்பினால் எதிராளியின் கண்ணில் விரலை விடுவான். இந்தப் பக்கம் திரும்பினால் இரண்டு கைகளையும் விரித்து அப்பாவியாக நிற்பான். பிறகு சீப்பை எடுத்து ஆறுதலாகத் தலை வாருவான். "டேய் கள்ளா! நாயே!" என்று மாமா கதிரையை விட்டு எழும்பிக் கத்தினார். என்ன ஒரு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபத்து என்னவென்றால், அந்தப் பெர்சியை எனக்குத் தெரியும். முழங்கால் வலிக்குக் களிம்பு வாங்க வாரா வாரம் எங்கள் கடைக்கு வருவார். சீப்போடு நிற்கும் தன் பழைய படத்தை ஒவ்வொரு முறையும் காட்டுவார். சாதுவான கிழவர். சனத்துக்குக் கோபம் வரப்பண்ணி, கடைசியில் தோற்று, அவர்களைச் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்புவதுதான் வில்லனின் தொழில் என்று ஒருமுறை எனக்கு விளக்கியிருந்தார். இவரைக் கொண்டுபோய் மாமா முன்னால் நிறுத்தினால் எஞ்சினியர் எந்த மூலைக்கு?

சனிக்கிழமை நிறுத்தினேன்.

"மாமா, ஆரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன் எண்டு பாருங்கோ!"

மாமா பார்த்தார். முகம் கறுத்தது. "இவனாலதான் நான் பனிக்குள்ள நிண்டனான்!"

கதை இதுதான். பெர்சி யாரோ ஒருவரின் கண்ணைக் குத்திய ஒரு சனிக்கிழமை, மாமா சப்பாத்தைக் கழற்றித் தொலைக்காட்சிக்கு எறிந்திருக்கிறார். சப்பாத்து மாமாவுடையது, தொலைக்காட்சி அவருக்கு அறை வாடகைக்குக் கொடுத்த வீட்டுக்காரியுடையது. அடுத்த அரை மணியில் மாமா பெட்டியோடு பனி கொட்டும் தெருவில். (இதை மாமா முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.)

பெர்சிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரல் தெரியும். பல வருடங்களாக அவரை யாருமே வெறுக்கவில்லை. கிழவரின் முதுகு நிமிர்ந்தது. சீப்பை எடுத்துத் தலை வாரினார்.

மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வந்தவரைச் சாப்பிட அழைத்தார். பெர்சி நேரே போய் மாமாவின் கதிரையில் அமர்ந்தார். மாமி சோறு போடத் திரும்பிய நேரம் பார்த்து, மாமாவின் தட்டிலிருந்த வடையை எடுத்து முழுசாக வாய்க்குள் போட்டார்.

"எடுத்திட்டான்! என்ர வடையை எடுத்திட்டான்!"

மாமி திரும்பினார். பெர்சி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"இஞ்சேருங்கோ, வயசுபோன மனுசனோட என்ன கொளுவல்?" என்ற மாமி, பெர்சிக்கு இன்னும் இரண்டு வடை வைத்தார்.

அடுத்து அப்பளம் போனது. மாமா பாய்ந்தார். அவருடைய கை பெர்சியின் தோளில் லேசாகத்தான் பட்டது. அதற்குள் பெர்சி அலறிக்கொண்டு மேசை விரிப்போடு கம்பளத்தில் விழுந்தார். சொதி என் புதுச் சட்டைக்கு வந்தது. பொறுப்புள்ள மருமகன் என்று காட்ட நான் நடுவில் புகுந்தேன். மாமாவின் முழங்கை என் மூக்கில் இறங்கியது. அன்றைக்கு விழுந்த ஒரே உண்மையான அடி அதுதான்.

"எல்லாம் முடிஞ்சுது" என்று தாரணி படியில் இருந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பெர்சியின் நெஞ்சில் மாமாவின் முழங்கால். பெர்சி கையால் கம்பளத்தில் மூன்று தரம் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். பிறகு ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிமிட்டினார்.

மாமா மூச்சு வாங்க எழும்பி, இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை மாமியே பார்த்ததில்லையாம். குனிந்து பெர்சிக்குக் கை கொடுத்தார். "எழும்படா, சோறு ஆறுது" என்றார், தமிழிலேயே.

பிறகு என்னிடம் திரும்பினார். "தம்பி, எஞ்சினியர்மார் எத்தினை பேரும் வருவினம். ஒருத்தனும் இவனைக் கொண்டு வரமாட்டான். நாள் பாப்பம்."

கலியாணத்துக்குப் பெர்சியும் வந்தார். பந்தியில் மாமாவின் வடையை எடுத்தார்.

இன்றைக்கும் நான் வெம்பிளிக்குப் போய் மணியடித்தால் மாமா கதவைப் பாதி திறந்து, எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். அப்போது அவர் கேட்பதை என் மகளும் இப்போது சொல்லப் பழகிவிட்டாள்.

"ஆரோட வந்தனீர்?"

"தனியத்தான் மாமா."

"அப்ப என்னத்துக்கு வந்தனீர்?"