கோட்டு இருக்கு, ஆள் இருக்காரு

"சார் இங்கதான் எங்கயோ இருக்காரு. சீட்ல கோட்டு இருக்கு பாருங்க" என்றார் பியூன்.

மேனேஜர் பார்த்தார். நாற்காலி முதுகில் சாம்பல் நிறக் கோட்டு. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஆள்தான் இல்லை. ஆள் அந்நேரம் சினிமா தியேட்டரில் பாப்கார்ன் மென்றுகொண்டிருந்தார். புகார்ப் பிரிவில் சேர்ந்த நாள் முதல் இப்படியே ஓட்டிவிட்ட மகானுபாவர். அலுவலகத்தில் அவருக்கு டிமிக்கி என்றுதான் பெயர்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டபோது டிமிக்கி ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே போனார்.

"பிரமாதம்யா! தேங்கிக் கிடந்த புகாருக்கெல்லாம் ஒரே நாள்ல பதில் போட்டுட்டீங்களே!"

"ஹி ஹி... ஏதோ நம்மளால முடிஞ்சது சார்."

எவன் செய்தானோ, நல்லா இருக்கட்டும் என்று சீட்டுக்கு வந்தார். பதில்களில் இருந்தது அச்சு அசல் அவருடைய கையெழுத்து. கோட்டின் வலது கையில் மைக்கறை. சோம்பலுக்கு முன்னால் பயமெல்லாம் எம்மாத்திரம்? அன்றும் கோட்டை மாட்டிவிட்டு நழுவினார்.

இவ்வளவு சுறுசுறுப்பா என்று பக்கத்துப் பிரிவு வேலையையும் மேனேஜர் அவர் தலையில் கட்டினார். இதென்னடா வம்பு என்று டிமிக்கி கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் மாட்டிவிட்டு, சீட்டாடக் கிளம்பிவிட்டார்.

காலையில் மனைவி முகமெல்லாம் சிரிப்பு.

"நேத்து ஒட்டடையெல்லாம் அடிச்சிட்டீங்க! இன்னைக்கு மழைதான் வரப்போகுது."

மகள் ஓடிவந்து மடியில் ஏறினாள். "அப்பா, நேத்து பாதியில விட்ட கதைய இன்னைக்கு முடிக்கணும். சரியா?"

அவர் மகளுக்கு ஒருநாளும் கதை சொன்னதில்லை. அதற்கும் டிமிக்கிதான். மகளை மடியிலிருந்து இறக்கிவிட்டார். கோட்டை எடுத்தார். யாரோ இப்போதுதான் கழற்றிய மாதிரி கதகதப்பாக இருந்தது.

"என் பொண்ணுக்கு நான்தான்டா கதை சொல்லுவேன்!" என்று அதைச் சுருட்டித் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் திணித்துவிட்டு வேலைக்குப் போனார்.

அன்று சீட்டை விட்டு அசையவில்லை. மூன்று மணிக்கெல்லாம் மேசை காலி. கிளம்பலாம், என்ன கதை என்று மகளிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று எழப்பார்த்தார். முடியவில்லை. கைகள் இரண்டும் நாற்காலியின் இருபுறமும் தொளதொளவென்று தொங்கின. கத்திப் பார்த்தார். சத்தம் வரவில்லை.

பியூன் வந்தார். டிமிக்கியின் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டு, வாசல் பக்கம் திரும்பி யாரிடமோ சொன்னார்:

"நீங்க கிளம்புங்க சார், பாப்பா கதைக்குக் காத்துக்கிட்டிருக்கும். மேனேஜர் கேட்டா, சீட்ல கோட்டு இருக்கு பாருங்கன்னு நான் சொல்லிக்கிறேன்."