இடது பாதம் தட்டையான கதை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள். நானும் சௌக்கியம் என்று எழுதலாம்தான், இடது கால் ஒப்புக்கொள்ளாது.

படியில் தடுக்கி விழுந்ததைக் கேட்டு நீ பிடிவாதம் பிடித்தாயே என்று பிசியோதெரபிப் பெண்ணிடம் போனேன். செருப்புக் கடையில் முப்பத்தொரு வருஷம் மற்றவர் காலைப் பிடித்து அளவு பார்த்தவன், என் காலைக் காட்ட வெட்கப்பட்டேன். ஈரக் காலோடு காகிதத்தில் நிற்கச் சொன்னாள். "பாருங்க சார், இடது பாதத்துல வளைவே இல்ல, உள்பக்கமா சாஞ்சு தட்டையா பதியுது" என்றாள். தரையில் துண்டை விரித்துக் கால்விரலாலேயே சுருட்டி இழுக்க வேண்டுமாம். துண்டு அசையவில்லை, என் வாய்தான் கோணிக்கொண்டது. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள், நின்றேன், நேராக வாளிக்குள் உட்கார்ந்தேன், எழுந்திருக்கப் பார்த்தா வாளியும் கூடவே வருது, பக்கத்து வீட்டுக்காரர் வந்துதான் உருவி விட்டார், மனுஷன் சிரிக்கக்கூட இல்லக்கா, அதுதான் ரொம்ப அவமானமாப் போச்சு.

மூணாவது வாரம் என்னை நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பார்த்தாள். "இடது பக்கமா சாயறீங்க சார். அந்தக் கையில கனமா எதையாவது தூக்குவீங்களா?"

இல்லைன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் உறைச்சுது. முட்டி போனதுக்கப்புறம் என் வீட்டுக்காரி ஒன்பது வருஷம் அந்தக் கையைத்தானே பிடிச்சுக்கிட்டு நடந்தா, கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கடைசியா அங்க லிஃப்ட் வரைக்கும். அவ போய் பதினாலு மாசம் ஆச்சு, இந்தக் காலுக்கு யாரும் சொல்லலை போல. அந்தப் பொண்ணுகிட்ட, கடையில பெட்டி தூக்கினேம்மான்னு சொல்லிட்டேன்.

இப்போது நன்றாகத் தேறிவிட்டேன். நிமிர்ந்து, நேராக, ஏதோ மேலதிகாரி மாதிரி நடக்கிறேன். பயிற்சியை ஒரு நாளும் விடமாட்டேன், கவலைப்படாதே. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இரண்டு பாதமும் சமமாக ஊன்றியபடி,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதையும் எழுதிவிடுகிறேன். நேற்று மார்க்கெட்டுக்கு நடந்து கால் மணியில திரும்பிட்டேன். நாங்க ரெண்டு பேரும் போனா ஒரு மணி நேரம் ஆகும். மீதி முக்கால் மணியை என்ன பண்றதுன்னு தெரியாம வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே பையோட நின்னேன். இனிமே வரலைம்மான்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். அத்தான் கேட்டா மட்டும், கால் சரியாயிடுச்சுன்னு சொல்லிடு.