மூன்றாகப் பிளந்த பலகையைப் பற்றித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். ஆளுக்குப் பத்து வீதம் விரல்கள் இருபதும் நலம். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம், நான் மரம் அறுக்கும் மெஷின் வாங்கியது தெரிந்ததும் நீ கேட்ட முதல் கேள்வியே அதுதானாம். உன் மனைவி சொன்னாள்.

நீ ஊருக்கெல்லாம் கதவு செய்கிற தச்சன். என் புத்தக அலமாரிக்கும் கதவு வேண்டும் என்றதும், ஒன்பது அங்குல அகலத்தில், இரண்டு அங்குலக் கனத்தில் ஒரு பலகையைக் கொண்டுவந்து சுவரில் சாத்தி, "இது மாதிரி இன்னொண்ணு கிடைக்காதுக்கா, அடுத்த வாரம் வந்து கனத்துல மூணாப் பிளந்து தரேன்" என்று சொல்லிப் போனாய். அந்த அடுத்த வாரத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் வந்து போய்விட்டது. ஒரு கல்யாண வீட்டில் நான் ஞாபகப்படுத்தினால், அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில், "அவ்ளோ அவசரம்னா நீயே அறுத்துக்கோ, பென்சில் சீவுற மாதிரிதான்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் அத்தானும் சிரித்தார். முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாளே கடைக்குப் போனோம். கடைக்காரர் "யாருக்கு சார்?" என்று உன் அத்தானைக் கேட்டார். "எனக்கு" என்றேன். அதற்குப் பிறகும் எல்லா விளக்கமும் உன் அத்தானுக்கே நடந்தது, அவரும் ஒன்றும் புரியாமல் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நாடா மாதிரி பிளேடு சுற்றி ஓடுகிற பேண்ட்ஸா மெஷினில், மேசைமேல் வைக்கிற சின்னது ஒன்றைக் காட்டி, "வீட்டுக்கு இது போதும் சார்" என்றார். கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, பிளேடு ஓடுகிற இடைவெளியை அளந்தேன். ஆறு அங்குலம். ஒன்பது அங்குலப் பலகையை நிமிர்த்தி வைத்தால் எப்படி நுழையும் என்று கேட்டேன். "படுக்க வச்சு அறுக்கலாமே சார்" என்றார், அதையும் அத்தானிடமே. "படுக்க வச்சா அகலம்தான் குறையும், கனம் குறையாது" என்றேன். அப்போதுதான் மனிதர் என் பக்கம் திரும்பினார். பத்து அங்குலம் நுழைகிற, பீரோ உயர மெஷினை வாங்கினேன். அது கார் ஷெட்டுக்குள் வந்தது, கார் தெருவுக்குப் போனது.

பிளேடு சுருளாகக் கட்டி வந்திருந்தது. கட்டை அவிழ்த்ததும் அது எகிறி விரிந்த வேகத்தில் உன் அத்தான் எந்த வழியாக வெளியே போனார் என்று இன்றுவரை தெரியவில்லை. நானே மாட்டி ஓட்டினேன். கட்டை குதித்தது, புகை வந்தது, அறுபடவே இல்லை. உனக்குப் போன் செய்தேன். "பல்லு மேல பாக்குதா, கீழ பாக்குதாக்கா?" என்றாய். "மேல" என்றேன். "கீழ பாக்கணும்க்கா, உள்பக்கத்தை வெளிப்பக்கமாப் புரட்டி மாட்டு" என்று சொல்லிவிட்டுப் போனைத் தள்ளிவைத்துச் சிரித்தாய். கேட்டது.

புரட்டி மாட்டினால் அறுத்தது, ஆனால் பொடிப் பல் பிளேடு என்பதால் தூள் அடைத்துக்கொண்டு திணறியது. அங்குலத்துக்கு மூன்றே பல் உள்ள அகலப் பிளேடு வாங்கி, நன்றாக முறுக்கேற்றினேன். இப்போது வேகமாக அறுத்தது, கோணலாக. பலகையின் ஒரு முனை தலையணைக் கனம், மறு முனை காகிதக் கனம். அப்புறம் ஒரு துண்டுக் கட்டையில் கோடு போட்டு, கையாலேயே தள்ளிப் பார்த்தேன். கட்டையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்தான் பிளேடு கோட்டிலேயே போகிறது. அந்தச் சாய்வை மேசையில் பென்சிலால் குறித்து, பலகை உரசிப் போகிற தடுப்பையும் அதே சாய்வில் இறுக்கினேன். வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நேராக நில் என்றால் நிற்காது, அது சாய்கிற பக்கம் நாமும் கொஞ்சம் சாய்ந்துகொடுத்தால் ஒழுங்காக வேலை செய்யும்.

ஒன்பது துண்டுக் கட்டைகள் பாழான பிறகு, நேற்றுக் காலை உன் பலகையை எடுத்தேன். கெட்டுப்போனால் உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று அத்தானிடம் கேட்டேன். "விழிக்காதே, போன்லயே பேசிக்கலாம்" என்றார். அவர் பின்பக்கம் நின்று தாங்க, நான் அவசரப்படாமல் தள்ளினேன். முடிந்ததும் இரண்டையும் விரித்துப் பார்த்தோம். புத்தகம் திறந்த மாதிரி இந்தப் பக்கத்து ரேகை அந்தப் பக்கமும் இருந்தது. உன் அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகத் தடவிப் பார்த்தார். "உன் தம்பிகிட்ட சொல்லாதே, பொறாமைப்படுவான்" என்றார். இரண்டில் கனமானதை இன்னொரு தடவை பிளந்தேன். மூன்று பலகை. இரண்டு முனைக்கும் ஒரு தாள் கனம்கூட வித்தியாசமில்லை.

ஆகவே நீ சிரமப்பட்டு வர வேண்டாம். கதவையும் நானே செய்துகொள்வேன். உன் மனைவிக்கு என் அன்பு. உன் உளிகள் கூராகவும் உன் முதுகு நேராகவும் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு: கடிதத்தை உறையில் போடும் முன் கதவுக்கு அளவெடுக்கலாம் என்று ஷெட்டுக்குப் போனேன். புதிதாகப் பிளந்த பலகை வளையும் என்பதால், "மூணையும் ஒண்ணா அடுக்கி, அசையாம இறுக்கி வைங்க" என்று உன் அத்தானிடம் நேற்றே சொல்லியிருந்தேன். "இனிமே வளையவே வளையாது. நடுவுல பசை தடவி ஒட்டிட்டேன்" என்கிறார். கல்லாகக் காய்ந்திருக்கிறது. தூளாகப் போனது போக, உன் பலகை நீ கொடுத்தபடியே ஒரே பலகையாக இருக்கிறது. நீ உடனே புறப்பட்டு வா. அறுப்பதற்கு இல்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் அத்தானோடு பேச வீட்டில் யாராவது வேண்டும்.