கடலுக்கும் ரேர்மின் எடுக்க வேண்டும்

என் மாமனார் உயிரோடு இருந்த கடைசி ஒன்பது வருடங்களும் நான் குளித்துக்கொண்டே இருந்தேன். வதனி, அதாவது என் மனைவி, தொலைபேசி அட்டை வாங்கி ஊருக்கு எடுத்துக் கதைக்கும்போதெல்லாம் அவர் கடைசியில் "மருமகன் எங்க பிள்ளை?" என்று கேட்பார். "இவர் குளிக்கிறார் அப்பா" என்பாள். நானோ அவளுக்குப் பக்கத்திலேயே காய்ந்த தலையோடு நின்று, இல்லை என்று சொல்லு, இல்லை என்று சொல்லு என்று கையை ஆட்டிக்கொண்டிருப்பேன். ("அங்கத்தைய குளிருக்குள்ள இப்பிடிக் குளிச்சால் சளி பிடிச்சிடும் பிள்ளை" என்று ஒருமுறை கவலைப்பட்டாராம்.)

நான் அவரை ஒருநாளும் நேரில் கண்டதில்லை. எங்கள் கலியாணம் ஜேர்மனியில் நடந்தது. வதனி அவருக்குத் தாயில்லாத ஒரே பிள்ளை. தாலி கட்டிய அன்று தொலைபேசியில் அவரிடம், "ரெண்டு வருசத்தில பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன் மாமா" என்று வாக்குக் கொடுத்தேன். எங்களிடம் இருந்த, அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர என்று எழுதியிருந்தது. அதை வாக்குக் கொடுக்குமுன்பே வாசித்திருக்கலாம். வாசிக்கவில்லை. இரண்டு வருடம் நான்காகி, நான்கு ஒன்பதாகியது. அந்த மனிதருக்கு என்ன மறுமொழி சொல்வது என்று தெரியாமல்தான் நான் உலகத்திலேயே மிகச் சுத்தமான மருமகன் ஆனேன்.

2007 இல், மாசி முடியும் நேரம், மாமா காலமானார். வதனியின் ஒன்றுவிட்ட தம்பி கொள்ளி வைத்தான். சண்டையால் ஊருக்குப் போகும் பாதை பூட்டியிருந்த காலம். நாங்கள் வுப்பர்டாலில் இருந்து அழுதோம். அவள் அழுதாள், நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன் என்பதுதான் சரி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்றைக்கு ஊரில் அஸ்தியைக் கடலில் கரைப்பார்கள். இங்கேயும் ஏதாவது செய்ய வேண்டும் என்று வதனி ஐயரிடம் தொலைபேசியில் கேட்டாள். ஐயர் சுருக்கமான மனிதர். "மருமகன் செய்யலாம். முழங்கால் அளவு தண்ணியில நிண்டு, தெற்குப் பக்கம் பாத்து, மூண்டு தரம் எள்ளுந் தண்ணியும் இறையுங்கோ. மத்தியானத்துக்கு முதல் முடிச்சிடுங்கோ" என்றார்.

"ரைன் ஆறு போதும்" என்றாள் வதனி. "அரை மணித்தியாலத்தில போயிடலாம்."

"ஆறோ? அந்த மனிசனுக்கு ஆறோ?" என்றேன் நான். "கடலுக்குக் கூட்டிக்கொண்டு போறன். நீர் கடலைக் கண்டு எத்தினை வருசம். அப்பிடியே கரையோரமாகக் காரில போனால் வடிவான இடங்களாம். பாத்துக்கொண்டு வரலாம்."

"உங்களுக்கு அந்தப் பக்கம் தெரியுமோ?"

"நான் பருத்தித்துறையான். எனக்குக் கடல் தெரியாதோ?"

(நான் பருத்தித்துறைக் கடற்கரையிலிருந்து கால் மைல் தள்ளிப் பிறந்தவன்தான். ஆனால் எனக்கு நீந்தத் தெரியாது. மீனையும் சட்டிக்குள் வந்த பிறகுதான் அடையாளம் காண்பேன்.) மாமாவுக்கு உயிரோடு இருக்கும்போது செய்யாததையெல்லாம் அந்த ஒரு நாளில் செய்து முடித்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு. அதை வதனியிடம் சொல்லவில்லை.

எங்கள் சின்ன மகளைப் பக்கத்து வீட்டு ராணி அக்காவிடம் விட்டுவிட்டு விடியப்புறம் நாலு மணிக்கு வெளிக்கிட்டோம். வேட்டியோடுதான் கார் ஓட்டினேன். பங்குனிக் குளிருக்கு வேட்டிக்குக் கீழே கணுக்கால்வரை நீளமான கம்பளி உள்ளாடை, மேலே தடித்த குளிர் ஜாக்கெட். வதனி மடியில் செம்பு, எள்ளு, வெள்ளைப் பூக்கள். வழியில் பெற்றோல் அடிக்க இறங்கியபோது காசாளர் பெண் என்னை நெடுநேரம் பார்த்தாள். நான் அவளுக்கு மரியாதையாகக் காலை வணக்கம் சொன்னேன்.

எட்டரை மணிக்கு நோர்டைக் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தக் கரை முழுக்க நீளமான ஒரு மண்ணணை. அதில் செம்மறியாடுகள் மேய்கின்றன. அணைக்கு அந்தப் பக்கம்தான் வடகடல் என்று வரைபடம் சொன்னது. வதனியைக் கையைப் பிடித்து ஏற்றினேன். உச்சிக்கு வந்ததும், "இந்தாரும் கடல்" என்று சொல்லிக் கையை நீட்டிவிட்டுத்தான் நானும் பார்த்தேன்.

கடல் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை ஈரச் சேறு. நடுவில் நாலைந்து படகுகள் சரிந்து கிடந்தன.

"எங்க?" என்றாள் வதனி.

எங்கள் ஊர்க் கடல் நின்ற இடத்தில் நிற்கும். கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், வீட்டை விட்டுப் போகாது. ஒரு கடல் முழுதாக எழுந்து போகும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. தெருவைத் திருத்துவதுபோல் ஜேர்மன்காரன் கடலையும் இறைத்துவிட்டுத் திருத்துகிறானாக்கும் என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தேன்.

"இது துறைமுகப் பக்கம். இஞ்ச ஆழம் இல்லை. அடுத்த ஊரில இருக்கும்" என்றேன்.

"அந்தக் கடையில ஆரையும் கேளுங்கோவன்."

கடலோரத்தில் பிறந்தவன் கடல் எங்கே என்று விசாரிப்பதா? காரை எடுத்தேன். அப்படித்தான் எங்கள் கரையோரப் பயணம் தொடங்கியது. ஒரு பக்கம் அணை, ஒரு பக்கம் வயல். வடிவான இடம்தான், ஆனால் அணை மறைத்ததால் ஆட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு ஊரிலும் நிறுத்தி, ஏறிப் பார்த்து, சேற்றைக் கண்டு, இறங்கினோம். மூன்றாவது ஊரில் வதனி காரைவிட்டு இறங்கவில்லை. பதினொரு மணி தாண்டியிருந்தது. அவள் செம்பின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"மத்தியானமாகுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நாலாவது ஊரில் தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு தெரிந்தது. தண்ணீர். எனக்கு உயிர் வந்தது. நடந்தால் பத்து நிமிடம் என்று கணக்குப் போட்டேன். செம்பை வாங்கிக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினேன்.

"வேண்டாமப்பா. திரும்பி வாங்கோ" என்று வதனி அணையின் கடற்பக்கப் படியில் நின்று கூப்பிட்டாள்.

"நீர் அங்கயே நில்லும். நான் செய்துபோட்டு வாறன்."

முதல் இருபது அடி கணுக்கால். அடுத்த பத்து அடி முழங்கால். ஐயர் சொன்ன அளவு சரி, பொருள்தான் வேறு. அதற்கு மேல் ஒரு காலை இழுத்தால் மற்றக் கால் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. செம்பை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நான் அப்படியே நின்றேன். வெள்ளிக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சேற்றில் புதைந்ததற்கு இல்லை. கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அந்த மனிதருக்கு வாக்குக் கொடுத்து ஏமாற்றினேன். கடைசியில் ஒரு கை எள்ளும் தண்ணீரும்கூட நேரத்துக்குக் கொடுக்க எனக்கு வக்கில்லை. முப்பத்தெட்டு வயதில், வேட்டியோடு, ஜேர்மனியின் விளிம்பில் நின்று, "மாமா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சத்தமாகவே அழுதேன்.

மாமாவுக்குக் கேட்டதோ தெரியாது, அணையில் நாயோடு நடந்த ஒரு வயதான ஜேர்மன்காரருக்குக் கேட்டுவிட்டது. அசையாமல் நிற்கும்படி கத்திவிட்டு, எங்கிருந்தோ ஒரு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைச் சேற்றில் படுக்கவைத்துத் தள்ளினார். செம்பை அதன்மேல் வைத்துவிட்டு, நான் குப்புறப் படுத்து ஏணியைப் பிடித்தேன். அவரும் வதனியும் இழுத்தார்கள். நான் வந்தேன். வேட்டி வரவில்லை.

கம்பளி உள்ளாடையோடு கரையில் நின்றபோது மணி பன்னிரண்டே கால். அந்த மனிதர் தன் காரிலிருந்து நாயின் போர்வையைக் கொண்டுவந்து என்னைச் சுற்றினார். (நாய்க்கு அதில் உடன்பாடு இருக்கவில்லை.) பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து, விரலால் ஒரு வரியைக் காட்டினார். அன்றைய திகதி. பக்கத்தில் கடல் போகும் நேரம், வரும் நேரம், நிமிடக் கணக்கில். இந்த நாட்டில் வைத்தியரைப் பார்க்க, வங்கிக்குப் போக, விசா அலுவலகத்தில் அழ, எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே நேரம் குறித்து ரேர்மின் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கடலுக்கும் எடுக்க வேண்டும் என்று தெரியாது.

நாலு மணிக்குப் பிறகு தண்ணீர் படிக்கு வரும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். போர்வையைத் திருப்பிக் கேட்கவில்லை.

வதனி படியில் இருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி இருந்தேன். நாய் மணம்.

"நேரம் தப்பிப்போச்சு. என்னாலதான்" என்றேன்.

"இருப்பம். கடல் வரட்டும்."

"ஐயர் மத்தியானத்துக்கு முதல் எண்டவர்."

"அப்பாவும் ஒண்டுக்கும் நேரத்துக்கு வாறேல்ல. அம்மாவுக்குத் தாலி கட்டவே பிந்தி வந்தவர்" என்றாள். முப்பத்தொரு நாளில் அன்றைக்குத்தான் அவள் முகத்தில் சிரிப்புப் போல ஒன்றைக் கண்டேன். அது உடனே போய்விட்டது. பிறகு சேற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "ஏன் அங்க நிண்டு அப்பாவிட்ட மன்னிப்புக் கேட்டனீங்கள்?"

ஒன்பது வருடக் குளிப்பையும் சொன்னேன். அவளுக்குத் தெரியாததா? இருந்தாலும் சொன்னேன். ஒருமுறையாவது தொலைபேசியை வாங்கிக் கதைத்திருக்கலாம். வர ஏலாது மாமா என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் என்னை என்ன செய்திருப்பார்.

வதனி செம்பைக் கீழே வைத்தாள்.

"அப்பாவுக்குத் தெரியும்" என்றாள். "போன வருசம் கேட்டவர். 'குளிக்கிற மனிசன் ஏன் பிள்ளை உனக்குப் பக்கத்தில நிண்டு இருமுறார்' எண்டு."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"நீர் என்ன சொன்னனீர்?"

"நான் ஒண்டும் சொல்லேல்ல. அவர்தான் சொன்னவர். 'அவரை ஏசாத, கூச்சப்படுறார். நல்ல பிள்ளை. இருமலுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடு' எண்டவர்." அதைச் சொல்லிவிட்டு அவள் அழுதாள். இந்த முறை நான் தேநீர் போட எழும்பவில்லை. நானும் அழுதேன்.

நாலரை மணிக்குக் கடல் வந்தது. சத்தமில்லாமல், சேற்றின் ஓடைகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு, நேராக வதனி இருந்த படிக்கு வந்து அவள் காலை நனைத்தது. நாங்கள் இரண்டுபேரும் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றோம். தெற்குப் பக்கம் பார்த்தால் கடலுக்கு முதுகு. முன்னால் அணையும் ஆடுகளும். எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். மூன்று தரம் நான், பிறகு மூன்று தரம் அவள். பெண் பிள்ளை இறைக்கலாமா என்று ஐயரிடம் கேட்கவில்லை.

இப்போது எங்களுக்கு ஜேர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது. ஊருக்குப் போகலாம். "அங்க ஆர் இருக்கினம்?" என்கிறாள் வதனி. அதனால் ஒவ்வொரு வருடமும் மாமாவின் திதிக்கு அந்தக் கரைக்கே போகிறோம். மகள்தான் கடல் வரும் நேரம் பார்த்துச் சொல்வாள். "அப்பா, ரேர்மின் எடுத்தாச்சு, வேட்டியை இறுக்கிக் கட்டுங்கோ" என்பாள்.

அவள் மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். தாத்தா பாட்டியைப் பற்றி எழுதச் சொன்னதற்கு மகள் கொப்பியில் எழுதியதைக் காட்டினார். "என் அம்மப்பா வடகடலில் இருக்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு முறை வருவார். நேரம் பார்த்துப் போக வேண்டும், இல்லாவிட்டால் சேறு." "உங்கள் மாமனார் கப்பலில் வேலை செய்கிறாரா?" என்று ஆசிரியை கேட்டார். அந்தியேட்டியை ஜேர்மன் மொழியில் விளக்க எனக்கு ஏலாது. "ஓம்" என்றேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் வதனி அந்தக் கொப்பியை எடுத்து வாசிப்பாள். ராணி அக்கா நூறு தரம் கேட்டிருப்பார், இன்னும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நானும் சிரிப்பேன். சேறு என்ற இடத்தோடு வதனி கொப்பியை மூடிவிடுவாள். அதற்குக் கீழே இன்னுமொரு வரி இருக்கிறது, "அப்பா அவரோடு நெடுநேரம் கதைப்பார்" என்று. அதை அவள் ஒருநாளும் வாசித்ததில்லை.