சாமிக்கு நேர்ந்த முடியும் ஓர் இஸ்திரிப் பெட்டியும்

பளபளவென்று வழுக்கிக்கொண்டு இறங்குகிற முடிக்கு ஆசைப்படாத பெண் யாராவது இருந்தால் காட்டுங்கள், காலில் விழுகிறேன். நான் ஆசைப்பட்டேன். என் தலையில் இருந்ததோ தேங்காய் நார். (அம்மா அதை 'அடர்த்தி' என்பாள். பெற்றவள் வேறு என்ன சொல்லுவாள்?) அம்மாவுக்கு மட்டும் இடுப்புக்குக் கீழே நேராக, கறுகறுவென்று இறங்கும். அதில் ஓர் இழைகூட எனக்கு வரவில்லை. நான் அப்பாவைக் கொண்டு பிறந்தவள்.

ஆனாலும் அம்மா விடமாட்டாள். அரிசி கழுவிய தண்ணீரில் என் தலையை அலசுவாள், செம்பருத்தி இலையை அரைத்து அப்புவாள், ஈரத்தில் சீப்பு வைத்தால் கையிலேயே ஒன்று போடுவாள். அத்தனை செய்தும் முடி ஆரோக்கியமாக வளர்ந்ததே தவிர படியவில்லை.

போதாக்குறைக்கு அந்த நாரும் அப்போது என்னுடையதாக இல்லை. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேச்சாக இருந்த காலம். முனிசிபல் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா காசநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். "அவரு நடந்து வீட்டுக்கு வரட்டும், எம்மவ முடிய முழுசா இறக்கிடறேன்" என்று முருகனிடம் அம்மா வேண்டிக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அப்பா எனக்கு உயிர். ஆனால் வயது பதினேழு. அப்பா தேறத் தேற என் மொட்டை நெருங்கியது. ஊசி வேலை செய்கிறது, சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா வந்து சொன்ன அன்று சிரித்துவிட்டு, பின்கட்டுக்குப் போய் அழுதேன்.

சாமி எடுத்துக்கொள்வதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை நேர் முடியோடு ஒரு போட்டோ. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு மீனாட்சி என் வயதுக்காரி, தலைமுறை தலைமுறையாக மலாய் பேசுகிற மலாக்காச் செட்டிப் பெண். எங்கள் பேச்செல்லாம் மலாயில்தான், தமிழில் அவளுக்குச் சாமி பெயர்கள் மட்டும்தான் தெரியும். சுருங்கின சேலையே இஸ்திரிப் பெட்டிக்குப் பணிகிறபோது முடி பணியாதா என்று யோசனை சொன்னது நான். (அவள் மேல் பழி போடக் கூடாது.) அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் பார்த்துப் பெட்டியில் கரி போட்டோம். மேசையில் தலையைச் சாய்த்து முடியை விரித்தேன். பளபளப்பு வேண்டுமே, தேங்காய் எண்ணெயைச் சொட்டச் சொட்டத் தடவிக்கொண்டேன். எண்ணெயும் நெருப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது தினமும் அப்பளம் பொரிக்கிற எனக்குத் தோன்றவில்லை.

முதல் கற்றை அற்புதமாக வந்தது. கண்ணாடியில் பார்த்தேன், அம்மாவின் முடி. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மீனாட்சி "மாவ் லாகி?" என்றாள், இன்னும் வேணுமா என்று. வேணும், நல்லா அழுத்து என்றேன். அடுத்த நிமிஷம் புகை, தீய்ந்த நாற்றம். தலையைத் தூக்கினேன், இடது பக்கத்து முடி மேசையிலேயே இருந்தது.

அம்மா வந்தாள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசையில் கிடந்ததைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கருகினத சாமிக்குக் குடுக்க முடியுமாடி?" என்றாள்.

அந்த வாரமே அப்பாவுக்கு மறுபடி ரத்தம் வந்தது. உன்னால்தான் என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அவள் சட்டி கழுவுகிற சத்தத்தில்கூட எனக்கு அதுதான் கேட்டது. அரைத்தலையோடு மூலையில் உட்கார்ந்து, என் கழுத்தையே எடுத்துக்கொள் முருகா, அப்பாவை விட்டுவிடு என்று கும்பிட்டேன். முருகன் என் பக்கம் திரும்பவில்லை. அம்மாதான் கோயிலுக்குப் போய், மகளுக்குப் பதில் தன் முடியைத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஊசியோ முருகனோ, அப்பா தேறினார். அழைத்துப்போகச் சொன்ன அன்று காலையில் அம்மா மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அப்பா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் போயிட்டேனா? எங்கிட்ட யாரும் சொல்லலியே" என்றார்.

வேண்டுதல்படி அப்பா நடந்தே வர வேண்டும் என்று அம்மாவுக்குப் பிடிவாதம் வேறு. ஆரத்தி கரைக்க அம்மா முன்னால் ரிக்‌ஷாவில் போனாள். நானும் அப்பாவும் மர நிழலெல்லாம் நின்று, கோப்பிக்கடையில் உட்கார்ந்து, காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஊர்ந்தோம்.

இதற்குள் அங்கே மீனாட்சி எங்கள் அம்மாவைப் பார்த்துவிட்டாள். மொட்டைத் தலை, சந்தனமும் வியர்வையும் வழிந்து அழிந்துபோன பொட்டு, கையில் அப்பாவின் துணி மூட்டை, கண்ணில் தண்ணீர், பக்கத்தில் புருஷன் இல்லை. அவளும் வேறு என்ன நினைப்பாள்? தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பெண்கள் வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சந்தோஷத்தில் அழுகிறார்கள் என்று அம்மாவும் சேர்ந்து அழுதிருக்கிறாள். டவுனில் கடை வேலையில் இருந்த சித்தப்பாவுக்கு ஆள் போய், அவர் ரோஜா மாலையோடு அலறிக்கொண்டு வந்தார்.

வாசலுக்கு நாங்கள் வந்தபோது எதிரே மாலையோடு சித்தப்பா. அப்பாவைப் பார்த்ததும் அழுகையைப் பாதியில் நிறுத்தியவர், வாயை மூட மறந்துவிட்டார். அப்பா மாலையை வாங்கினார், முகர்ந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அம்மாவின் கழுத்தில் போட்டார். "ஊருக்கு மெர்டேக்கா வர்றதுக்குள்ள உந்தலைக்கு வந்திருச்சு" என்றார். தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்த மொட்டை என்னுடையது.

அம்மாவின் முடி தோளைத் தாண்டி வளர்கிற வரைக்கும்தான் அப்பா இருந்தார். அவர் போன அன்று கிளேபாங்குக்குக் குடிபோயிருந்த சித்தப்பாவுக்கு ஆள் அனுப்பினோம். "அண்ணி திரும்ப முடி எடுத்திருப்பாங்க" என்று சிரித்துக்கொண்டே தேத்தண்ணி குடித்திருக்கிறார். ஆற அமர வந்து, வாசலில் பாடையைப் பார்த்து நின்றார். கையில் மாலை இல்லை.

"ஏமாந்துடக் கூடாதுன்னு வாங்காம வந்துட்டேனே அண்ணி" என்று அம்மா காலடியில் உட்கார்ந்து அழுதார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் முடி வெட்டிக்கொண்டு வந்தாலும் முதல் கேள்வி, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்பதுதான். பேரப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, எல்லாரும் இருக்கிறார்களா என்று ஒரு தடவை எண்ணிக்கொள்வேன்.