மணி அடித்தால் கம்பியாருக்கு உதறும்

முதலில் ஒரு மன்னிப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். பத்திரிகை ஆசிரியர் பொறுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

சேர்வராயன் மலையில் கம்பியாரைப் போல ஒரு பயந்த மனிதர் பிறந்ததும் இல்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை.

அவருக்கு ரத்தம் குடிக்கும் அட்டை என்றால் பயம். மூடுபனி என்றால் பயம். பங்களா நாய் என்றால் பயம். அது செத்த பிறகு அதன் சங்கிலியைக் கண்டும் பயம். ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் நின்றால், சேலம் பஸ் ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் ஏறும் சத்தம் கேட்டதுமே கடைக்குள் போய் நின்றுகொள்வார். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. எஸ்டேட்டின் போன் கம்பியைப் பார்த்துக்கொண்டவர், ஆகவே கம்பியார்.

இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. எங்கள் காப்பி எஸ்டேட்டுக்குள் பேசிக்கொள்ளத் தனி போன் இருந்தது. ஆபீஸ், பங்களா, டிஸ்பென்சரி, தலைச்சோலைப் பக்கம் கூலியாட்கள் குடியிருந்த லைன் வீடுகள் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து, சில்வர் ஓக் மரங்களில் இழுத்துக் கட்டிய ஒரே ஒரு இரும்புக் கம்பி. போன் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினால் எல்லா இடத்திலும் மணி அடிக்கும். நீளமாக ஒன்று அடித்தால் ஆபீஸ். இரண்டு நீளம், ஒரு குட்டை என்றால் டிஸ்பென்சரி நர்ஸம்மா. அப்படிச் சுற்றும்போது கம்பியில் கரண்ட் பாயும். ஆளைக் கொல்லாது, ஆனால் தொட்டவர் உயிர் இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வார்.

கம்பியார் அதை வெறுங்கையால்தான் தொடுவார். எஸ்டேட் கொடுத்த ரப்பர் கையுறையைப் போட்டால் கம்பி உயிரோடு இருப்பது தெரியாதாம். தொட்டுத் தொட்டு, யார் சுற்றுகிறார்கள் என்றுகூடச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆபீசில் கணக்கு எழுதும் ரைட்டர் சுற்றினால் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், லைன் வீட்டிலிருந்து கூலியாட்களின் மேஸ்திரி சுற்றினால் காட்டெருமை முட்டுகிற மாதிரி இருக்கும் என்பார்.

அவருடைய பெரிய பயம் ஒன்றுதான். கம்பி ஒரு நொடிகூட அறுந்து கிடக்கக் கூடாது. புது போன் வைப்பதென்றால் அரை நாள் லைனை நிறுத்திவிட்டு வேலை செய்யலாமே என்று ரைட்டர் சொல்லிப் பார்த்தார்.

“ஏனுங்க, அந்நேரம் பாத்து யாராச்சும் கூப்புட்டா?”

“யாரும் கூப்புட மாட்டாங்கய்யா.”

“கூப்புட மாட்டோம்னு யாருங்க போன் பண்ணிச் சொன்னாங்க?”

ரைட்டர் கணக்குப் புத்தகத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

கம்பியாரின் வேலை முறை இதுதான். வெட்ட வேண்டிய இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரு செம்புக் கம்பியை முதலில் கட்டுவார். பேச்சு அதன் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். அப்புறம்தான் வெட்டுவார். வெட்டுவதற்கு முன் ஒரு தடவை, வெட்டிய பின் ஒரு தடவை, தோளில் மாட்டிய போன் பெட்டியிலிருந்து ஆபீசைக் கூப்பிட்டு “கேக்குதுங்களா?” என்பார். ஒருநாள் ரைட்டர் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்தார். கம்பியார் மரத்திலிருந்து இறங்கி, மேடு பள்ளமெல்லாம் ஓடி வந்து, ஆபீஸ் ஜன்னலில் தலையை விட்டு மூச்சு வாங்கக் கேட்டார்: “கேக்குதுங்களா?”

ஏணி பிடிப்பது என் வேலை. வாய் திறக்காதவன் என்றுதான் என்னைத் தேர்ந்தெடுத்தார். பேசுகிறவன் பேச்சு சுவாரசியத்தில் கையை எடுத்துவிடுவானாம்.

அன்றைக்குக் காப்பிக்கொட்டை காய வைக்கும் களத்துக்குப் புது போன் வைக்க வேண்டும். லைன் வீட்டில் என் மனைவிக்கு நிறைமாதம். ஏதாவது என்றால் நர்ஸம்மாவைக் கூப்பிடச் சொல்லி மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுத்தான் வேலைக்கு வந்தேன். மழை பெய்து ஓய்ந்து மூடுபனி இறங்கியிருந்தது. லைன் வீடுகளுக்கும் டிஸ்பென்சரிக்கும் நடுவே, களத்துக்குக் கிளைக் கம்பி பிரியும் இடத்தில் பழைய கம்பி துருப்பிடித்திருந்தது. கம்பியார் செம்புக் கம்பியைக் கட்டினார். துருப்பிடித்த துண்டை வெட்டி எடுத்தார். புதுத் துண்டின் ஒரு முனையை முறுக்கிக் கட்டினார். மறு முனையைக் கட்டுவதற்குள் ஒரு குரங்கு செம்புக் கம்பியில் தாவி ஊஞ்சலாடியது. கம்பி பிய்ந்துகொண்டு குரங்கோடு போனது.

குரங்கைக் கண்டாலும் கம்பியாருக்குப் பயம்தான். ஆனால் அவர் குரங்கைப் பார்க்கவே இல்லை. தொங்கிய முனைகள் இரண்டையும் எட்டிப் பிடித்து, பல்லைக் கடித்து இழுத்து ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தார். முறுக்கிக் கட்ட மூன்றாவது கை இல்லை. நான் ஏறிக் கட்டலாம் என்றால் ஏணியைப் பிடிக்க ஆள் இல்லை.

அப்போது அவர் உடம்பு ஒரு உதறு உதறியது. அந்த உதறல் ஏணி வழியாக என் கைக்கும் வந்தது. இன்னொரு நீளமான உதறல். பிறகு குட்டையாக ஒன்று.

“நர்ஸம்மாவுக்கு, கண்ணு,” என்றார். பிறகு, தாழ்ந்த குரலில், “மேஸ்திரி சுத்துறாரு.”

என் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. அங்கே யாரும் எடுக்கவில்லை போல. மறுபடி சுற்றினார்கள். மறுபடி, மறுபடி. ஒவ்வொரு தடவையும் கம்பியார் ‘சேர்வராயா’ என்று அலறினார். நடுவில் எதற்கும் இருக்கட்டும் என்று மாதாவையும் கூப்பிட்டார். கம்பியை மட்டும் விடவில்லை.

“நீ ஊட்டுக்குப் போறதுன்னா போ கண்ணு. நான் எறங்க மாட்டேன்.”

நான் போனால் ஏணி சறுக்கும். அவர் விழுவார். கம்பியும் விழும். என் மனைவிக்காகக் கூப்பிடுவது யாருக்கும் கேட்காமல் போகும்.

“புடிச்சுக்கறேனுங்கண்ணா,” என்றேன். அன்று ஏணியடியில் நான் பேசியது அவ்வளவுதான்.

உதறல் நின்றது. நின்றது எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது. மேலேயிருந்து, “எடுத்துட்டாங்க, பேசறாங்க. தும்மல் வந்தாக்கூடத் தும்மீராத,” என்று கிசுகிசுத்தார். பிறகு சின்னதாக ஒரு உதறல். பேசி முடித்ததற்கான மணி. கொஞ்ச நேரத்தில் கீழே பனிக்குள் நர்ஸம்மாவின் ஜீப் ஏறும் சத்தம் கேட்டது.

“இப்ப ஓடு,” என்றார், மரத்தைக் காலால் கட்டிப்பிடித்துக்கொண்டு. ஓடினேன். ஏணி பிடிக்க ஆளில்லாததால் அவர் சாயங்காலம் வரைக்கும் அந்த மரத்திலேயே இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சும்மா இருக்கவில்லை. மணி ஓய்ந்ததால் பல்லையே மூன்றாவது கையாக்கி, மேலே இருந்தபடியே கம்பியைக் கட்டி, களத்துக்கும் இணைப்புக் கொடுத்துவிட்டார்.

பெண் குழந்தை. தாய்க்கு ரத்தம் நிறையப் போயிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்த நர்ஸம்மா, என் முகத்தைப் பார்த்து அதை முடிக்காமல் விட்டுவிட்டார்.

மறுநாள் கம்பியார் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றார். இரண்டு உள்ளங்கையிலும் கம்பி அறுத்த கோடு. குழந்தையை நீட்டினேன். ஓரடி பின்னால் போனார்.

“நொம்பப் பயமா இருக்குது கண்ணு. கை தவறி உட்டுட்டன்னா?”

குழந்தையை அவர் கையில் வைத்துவிட்டு, முழங்கை இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டேன், ஏணியைப் பிடிப்பதுபோல. அவர் உதறல் அடங்க வெகுநேரம் ஆனது. அதுவரை நானும் விடவில்லை.

எழுதி முடித்தது: 1996, தை மாதம் ஐந்தாம் தேதி.