நாலு காலிலும் கட்டு

முகாம்: ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரம்

அன்பும் மரியாதையும் மிக்க ஹபீப் ரகுமான் மாமாவுக்கு மருமகன் ஆபித் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் நான் இங்கே இரண்டு காலிலும் நலம். நீங்களும் சௌதா மாமியும் நௌஷீனும் அங்கே அவ்வாறே இருக்க துஆ செய்கிறேன். 'இரண்டு காலிலும்' என்ற இடத்தை மட்டும் மாமி காதில் விழும்படி சத்தமாக ஒரு தடவை படித்துவிட்டு மேலே போகவும்.

எனக்குக் கால் முறியவில்லை மாமா. முறிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, எலும்பு கூடட்டும், எனக்கும் நௌஷீனுக்கும் குறித்த நிக்காஹைப் பெருநாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் சைட் டிரைவர் இம்மானுவேலிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். பெருநாள் வரை தள்ளினால் நான் இங்கே இருக்கமாட்டேன். இந்த மின் லைன் வேலை முடிந்ததும் கம்பெனி என்னைச் சத்தீஸ்கருக்கு அனுப்புகிறது, அங்கே போனவன் இரண்டு வருஷத்துக்குத் திரும்பியதில்லை. போனில் சொல்லலாம் என்றால் பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லை. மலையேறிப் பேசினாலும் நான் வேகமாகப் பேசுகிறேன் என்று பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால் நடந்ததை எழுதுகிறேன், படித்து முடிக்கும்வரை மண்டபத்துக்காரரிடம் வாயைத் திறக்க வேண்டாம்.

முறிந்ததாகச் சொல்லப்படுவது டவரின் கால். அதுவும் முறியவில்லை. சாயங்காலமானால் உங்கள் பேண்டேஜ் தறிகள் வோல்டேஜ் இல்லாமல் மூச்சு வாங்குகின்றன, "கரண்டக் கொண்டா, பொண்ணத் தாரேன்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதற்காகத்தான் இந்த மலைப் பள்ளத்தாக்கில் பழைய உயர் அழுத்தக் கம்பியைக் கழற்றிக் கனமான புதுக் கம்பி மாட்டுகிறோம். கம்பி கனமானால் டவரும் அதைத் தாங்க வேண்டும். அதனால் சுடலைமாடத்தி என்கிற அம்மாவின் தென்னந்தோப்பில் நிற்கும் டவருக்கு நாலு காலையும் சுற்றிப் புதுக் காங்கிரீட் போட்டோம். புதுக் காங்கிரீட் காயக்கூடாது, ஈரச் சாக்கைச் சுற்றி வைக்க வேண்டும். அறுப்புக் காலமாதலால் ஊரிலிருந்த சாக்கெல்லாம் நெல்லுக்குப் போய்விட்டது. உங்களிடம் கேட்டேன், தள்ளுபடியான பேண்டேஜ் துணி இரண்டு பொதி கொடுத்தீர்கள். துணியைக் குறை சொல்லமாட்டேன், தண்ணீரை அப்படிப் பிடித்து வைக்கிறது. நாலு காலிலும் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாகச் சுற்றினோம். என் இன்ஜினியரிங் படிப்பில் இதற்கு மேல் என்ன நடக்கும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

தோப்பு வழியாகப் போன யாரோ, மாடத்தி தோப்பில் காலெல்லாம் கட்டுப் போட்டிருக்கிறது என்று வன்னியம்பட்டியில் சொல்லியிருக்கிறார்கள். அந்தம்மாவின் சொந்தக்காரர்கள் ரொட்டி, ஆரஞ்சு, ஹார்லிக்ஸோடு மினி பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். வந்து பார்த்தால் மாடத்தி நன்றாக இருக்கிறார், கட்டு டவருக்கு. சிரித்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும், இல்லையா? வந்தது வந்தாச்சு, விசாரிக்காமல் போனால் நன்றாக இருக்காது என்று டவரடியில் உட்கார்ந்து, எப்படி ஆச்சு, எந்த டாக்டர், புத்தூர் கட்டுப் போட்டுப் பார்க்கக்கூடாதா என்று ஆரம்பித்தார்கள். உள்ளே கம்பி வைத்திருக்கிறதா என்று ஒரு பெரியவர் கேட்டார். வைத்திருக்கிறது, பதினாறு எம்.எம். என்றேன். "அப்ப பெரிய ஆப்பரேசன்தான்" என்று அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் சுந்தரபாண்டியத்துக் கூட்டம். வன்னியம்பட்டிக்காரர்களுக்குச் சொல்லி எங்களுக்குச் சொல்லவில்லையே என்று வருத்தம் வேறு. டவருக்குக் கீழே ஆள் இருந்தால் மேலே ஒருவனையும் ஏற்றக்கூடாது என்பது விதி. என் ஆட்கள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தார்கள். பொறுமை போய், "இது இரும்பும்மா, இதுக்கு வலிக்காது, எல்லாரும் எந்திரிங்க" என்று கத்திவிட்டேன். சுடலைமாடத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இரும்புன்னு எனக்குத் தெரியாதா தம்பி? நான் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து என் தோப்புல நிக்குது. அதுக்கு வலிக்காது, சரி. வந்தவுகளுக்கு வலிக்கும்லா?"

நானும் உட்கார்ந்தேன். ஒரு ஆரஞ்சை வாங்கித் தின்றேன்.

இது இத்தோடு போயிருந்தால் நான் உங்களுக்கு எழுதியே இருக்கமாட்டேன். எதிர்ச் சரிவில் சங்கிலிப்பாண்டி என்பவரின் காடு. அவருக்கும் மாடத்திக்கும் வண்டிப்பாதைத் தகராறு. அவர் காட்டு டவர் பாறையில் நிற்கிறது, அதற்கு ஒரு பிடி சிமெண்ட்கூட வேண்டாம். கம்பி இழுக்கும் மெஷினை அவர் காட்டு வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும், வேறு பாதை இல்லை. மனிதர் கேட்டைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். என்ன வேண்டும் என்றேன்.

"என்னய்யா இஞ்சினியரு, அவ காட்டு டவருக்கு அம்புட்டுத் துணி, என் காட்டு டவரு அம்மணமா நிக்கணுமா?"

உங்க டவர் நல்லா இருக்கு அண்ணாச்சி, அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று பாறையைத் தட்டிக் காட்டி, படம் போட்டு, கணக்கும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாளைக்கு ஆகிட்டா?" என்றார். எனக்கு மெஷின் போயாக வேண்டும். மிச்சமிருந்த துணியை அந்த ஆரோக்கியமான டவரின் நாலு காலிலும் சுற்றினேன். முடிச்சு தெரியாமல் பூப்போல் கட்டச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றார். கேட் திறந்தது.

திறந்த அன்றைக்கே எங்கள் மேனேஜர் அனுசியா மேடம் சோதனைக்கு வந்தார். பாறை டவரில் கட்டைப் பார்த்ததும் அவிழ்க்கச் சொன்னார். உள்ளே வெறும் இரும்பு. போடாத காங்கிரீட்டுக்குப் பில் போடப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லை மேடம், பக்கத்து டவருக்கு இருக்கிறது என்று இதற்கும் கட்டினோம் என்றேன். மாமா, நான் பொய் பேசத் தெரியாதவன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் உண்மை இவ்வளவு கேவலமாகக் காதில் விழும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. என் லீவை ரத்து செய்தார். லைனில் கரண்ட் ஏறும் வரை நகரக்கூடாது. நிக்காஹ் இருக்கிறதே என்றேன். "படுத்த படுக்கையாக் கிடந்தா லீவு தருவேன், கல்யாணத்துக்கெல்லாம் கிடையாது" என்று ஜீப்பில் ஏறிவிட்டார். தன் டவரின் கட்டை அவிழ்த்த அவமானத்தில் சங்கிலிப்பாண்டி மறுபடியும் கேட்டைப் பூட்டிவிட்டார். மெஷின் உள்ளே, ஆட்கள் வெளியே.

இந்த நிலையில்தான் மறுபடி கட்டத் துணி வேண்டி இம்மானுவேலை உங்கள் குடோனுக்கு அனுப்பினேன். எதற்கு என்று மாமி கேட்டிருக்கிறார். அவன் பேச்சில் சிக்கனக்காரன். "ஆபித் சார் சைட்டுல கால்ல கட்டு, நாலு கட்டு, பத்தலை" என்றிருக்கிறான். மாமி அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். அப்படி என் கால் முறிந்தது.

ஆகவே மாமா, நிக்காஹ் தேதியை மாற்ற வேண்டாம். எப்படியாவது கேட்டைத் திறக்க வைத்து, கம்பியை இழுத்து, கரண்ட்டை ஏற்றி, சொன்ன நாளில் சொந்தக் காலில் நடந்து வந்து சேருவேன். முறியாத காலை முறிந்தது என்று சொல்லி நாளைத் தள்ளுவது அறிவுக்குப் பொருந்தாது. எனக்கு உண்மைதான் முக்கியம். மாமிக்கு என் சலாம். நௌஷீனிடம் நான் ஓடுகிறேன், ஏறுகிறேன், இறங்குகிறேன் என்று சொல்லவும். உங்கள் தறிகள் நிற்காமல் ஓட இறைவன் அருள்வானாக.

இப்படிக்கு,
கால் முறியாத மருமகன்,
ஆபித்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது இம்மானுவேல் புதுச் செய்தியோடு வந்து நிற்கிறான். மாமி நேற்று எங்கள் ஆபீசுக்கே போன் போட்டு அழுதிருக்கிறார். அனுசியா மேடம் பதறிப்போய் ஒரு மாதம் மருத்துவ லீவு கொடுத்துவிட்டார், நிக்காஹ் நாள் அதற்குள் வருகிறது. என் இடத்துக்கு வேறு இன்ஜினியர் திங்கட்கிழமை வருகிறாராம். விஷயம் கேள்விப்பட்ட சங்கிலிப்பாண்டி, "அடிபட்டுக் கெடக்குறவன் வேலய மறிச்சா பாவம்யா" என்று தானே கேட்டைத் திறந்து, எலும்பு கூடுவதற்கு நாட்டுக்கோழி முட்டையும் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஆகையால் மேலே எழுதியதைக் கிழித்துப் போடவும். முதல் வரியை மாமி காதில் படிக்கவே வேண்டாம். பேண்டேஜ் துணி ஒரு சுருள் அனுப்பவும், தள்ளுபடித் துணி வேண்டாம், இது எனக்கு. அப்புறம், முறிந்தது எந்தக் கால் என்று மாமி ஊரில் சொல்லியிருக்கிறார் என்பதை உடனே விசாரித்துச் சொல்லவும். அந்தக் காலிலேயே கட்டிக்கொள்கிறேன்.